தறிச் சத்தம் கேட்டாலே நடுங்குகிறார்

மனநலம்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவக் குழுவின் பதில்கள்

கேள்வி: எங்க ஊட்டுக்காரர் விசைத்தறி ஓட்டறாருங்க. மூணு மாசத்துக்கு முன்னாடி குடோன்ல பக்கத்துத் தறிக்காரர் கை பெல்ட்டுல சிக்கிருச்சு. இவர்தான் மோட்டாரை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாரு. அப்ப இருந்து தறிப் பக்கமே போறதில்லை. தெருவுல சத்தம் கேட்டாலே வேர்த்துக் கொட்டுது. ராத்திரி அலறி எந்திரிக்கறாரு. தூக்கம் வரோணும்னு குடிக்கவும் ஆரம்பிச்சுட்டாரு. மந்திரிச்சும் பார்த்தாச்சு. இது சரியாகுமுங்களா?
– வாசகி, சோமனூர்

பதில்: சரியாக்க முடியும், சகோதரி. விபத்துக்குப் பின் சில வாரம் தூக்கம் கெடுவதும் திடுக்கிடுவதும் பலருக்கும் வந்து தானாக வடிந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, ஒதுங்கிப் போவது, எந்நேரமும் பதற்றம் என்று நீடித்துப் பிழைப்பையும் கெடுத்தால் அது பிடிஎஸ்டி என்னும் மனஅதிர்ச்சி நோயாக இருக்கலாம். அடிபட்டவருக்கு மட்டுமல்ல, கண்ணால் பார்த்தவருக்கும் வரும். கோழைத்தனம் என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

திருநீறு போட்டு மந்திரிப்பது அவருக்கு ஆறுதல் தந்தால் தப்பில்லை. வைத்தியம் அதனால் தள்ளிப்போகக் கூடாது.

தறிப் பக்கமே போகாமல் இருப்பது அன்றைக்கு நிம்மதி தரும். ஆனால் ‘போகாததால்தான் தப்பித்தேன்’ என்றே மனசு பதிய வைத்துக்கொள்வதால் பயம் கரைய வழியில்லாமல் போகிறது. அதனால் படிப்படியாக நெருங்க வேண்டும். பயத்துக்கு 0 முதல் 100 வரை அவரையே மார்க் போடச் சொல்லுங்கள். 30, 40 மார்க் பயம் தரும் இடத்தில், உதாரணமாகச் சத்தம் லேசாகக் கேட்கும் தெருமுனையில், தொடங்குங்கள். பயம் பாதியாகக் குறையும்வரை அங்கேயே நிற்கட்டும். அரை மணி, முக்கால் மணி ஆகலாம். அந்த இடம் பழகிய பிறகே குடோன் வாசல், அப்புறம் நிறுத்தி வைத்த தறி, கடைசியாக ஓடும் தறி. பயம் உச்சத்தில் இருக்கும்போது திரும்பி ஓடி வருவதும், குடித்துவிட்டுப் போய் நிற்பதும்தான் இதைக் கெடுக்கும் இரண்டு தவறுகள். இந்தப் படிகளை மனநல ஆலோசகரோடு திட்டமிட்டுச் செய்வது நல்லது. முக்கியமாக, பெல்ட்டுக்குப் பாதுகாப்பு மூடி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மூடியில்லாத தறியைக் கண்டு பயப்படுவது நோயல்ல. அதை முதலாளிதான் சரிசெய்ய வேண்டும்.

அலறி எழும்போது உலுக்காதீர்கள், தூக்கக் கலக்கத்தில் கை வீசுவார். கால்மாட்டில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டு விளக்கைப் போடுங்கள். கால் தரையில் படும்படி உட்காரட்டும். இன்ன கிழமை, நம்ம வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். பகலில் இரண்டு வேளை, ஐந்து நிமிடம் மூச்சுப் பயிற்சி: நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுவது. வேகவேகமாக ஆழ இழுத்தால் தலை சுற்றும். அதைப் பார்த்துப் பயம் இன்னும் ஏறும்.

விசாரிக்க வரும் சொந்தக்காரர்கள் ‘எப்படி ஆச்சு?’ என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதை நீங்கள்தான் தடுக்க வேண்டும். அவராக விரும்பிப் பேசினால் கேளுங்கள்.

சாராயம் தூக்கத்தைக் கொண்டுவருவது போலிருக்கும்; பின்னிரவில் கலைத்துவிடும். தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். டாக்டரைக் கேட்டே நிறுத்துங்கள்.

இதற்கு நல்ல பலன் தருவது அதிர்ச்சியை மையமாக வைத்த பேச்சு சிகிச்சை. பெரும்பாலும் வாரம் ஒன்றாக 8 முதல் 12 அமர்வு. கண்ணை இருபுறமும் அசைக்க வைத்து அதிர்ச்சி நினைவை ஆற்றும் இஎம்டிஆர் என்ற முறையும் உண்டு. செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு, பதற்றம் குறைக்கும் மாத்திரை எழுதித் தந்தால் பலன் தெரியச் சில வாரம் ஆகும். முதல் வாரக் குமட்டலுக்குப் பயந்து பலர் விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். கோவை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் இரவு பகல் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். உயிரை விடுவதாக ஒரு வார்த்தை வந்தாலும் தனியே விடாமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

கேள்வி: பைக் விபத்துக்கு அப்புறம் மெடிக்கல்ல பதட்டத்துக்குன்னு அல்பிரசோலம் மாத்திரை வாங்கி ஆறு மாசமாப் போடறேன். நிறுத்தலாமுங்களா?
– வாசகர், கோபி

பதில்: திடீரென்று நிறுத்தாதீர்கள், படபடப்பும், சிலருக்கு வலிப்பும் வரும். இந்த மாத்திரை பழக்கமாகிவிடும், அதிர்ச்சியையும் ஆற்றாது. மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு மனநல மருத்துவரிடம் போங்கள். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவார். அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம், இதோடு குடிக்கவே வேண்டாம்.