முதலில் அறையைக் காலி செய்யுங்கள்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளக் கட்டி, பிறகு சும்மா கிடந்த ஆயாக்கொட்டகையின் ஓர் அறையைச் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்காக எங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். ஒளி, ஒலி, தொடுதல் வழியாகப் புலன்களைத் தூண்டவோ அமைதிப்படுத்தவோ உதவும் புலனுணர்வு அறை அமைக்க விலைப்பட்டியல் கேட்டோம். குமிழிக் குழாய் (நீருக்குள் குமிழிகள் எழும் ஒளித்தூண்), ஒளியிழை விளக்கு, வாசனைக் கருவி என்று நீள்கிறது. அவ்வளவு வெள்ளிக்கு நாங்கள் எங்கே போவது? ஒரு பையன் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வான். இன்னொருவன் ஓடிப்போய்ச் சுவரில் மோதுவான். ஒரு சிறுமிக்கு வலிப்பு உண்டு. எதில் தொடங்கலாம்?

பதில்: பட்டியலை இப்போதைக்கு மடித்து வையுங்கள். இத்தகைய அறைகள் 1970களில் நெதர்லாந்தின் பராமரிப்பு இல்லங்களில், கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்காகப் பரவலாயின. பார்க்கவும் தொடவும் ஏதுமின்றி நாளைக் கழித்தவர்களுக்கு ஒளியும் ஒலியும் தேவைப்பட்டன. காதைப் பொத்தும் உங்கள் பையனுக்கு வேண்டியது அதற்கு நேர்மாறானது. அவனுக்காக எதையும் வாங்குவதற்கு முன், அறையில் இருப்பதைக் குறையுங்கள்.

கூரையிலிருந்து தொடங்குங்கள். தகரக் கூரையில் மாலை மழை இறங்கினால் பெரியவர்களுக்கே பேச்சு காதில் விழாது. வெப்பத் தடுப்புப் பஞ்சு வைத்து உட்கூரை அடித்தால் சத்தமும் சூடும் சேர்ந்து குறையும். கையிலிருக்கும் பணத்தில் பெரும்பங்கை இதற்கே செலவிடுவேன். பழைய குழல்விளக்கையும் கழற்றிவிடுங்கள். சோக் பொருத்திய அவ்விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்கும். சில பிள்ளைகளுக்கு அதுவே தொல்லை. மங்கலாக்கக்கூடிய மஞ்சள் எல்இடி போதும். சுவருக்கு ஒரே வெளிர் நிறம். கார்ட்டூன் படங்கள் வேண்டாம், யார் அன்பளிப்பாக வரைந்து தந்தாலும் சரி.

சுவரில் மோதுகிறவனின் தசைகளும் மூட்டுகளும் பெரும்பாலும் அழுத்தத்தைத் தேடுகின்றன. திட்டினால் அந்தத் தேடல் நிற்காது. இலவம்பஞ்சு மெத்தையில் விழட்டும்; பழைய லாரி டியூபைத் தள்ளட்டும்; அரிசிப் பையை மூலைக்கு மூலை இழுக்கட்டும். உடலை அழுத்துவதற்காகக் கனம் சேர்த்துத் தைத்த எடைப் போர்வையை அரசு மருத்துவமனையின் தொழில்வழி சிகிச்சையாளரைக் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம். பிள்ளையால் தானே விலக்க முடியாத எதையும் அவன்மேல் போர்த்தக் கூடாது.

சேலைத் தூளி அருமையான கருவி. உடலைச் சுற்றி அணைத்து மெல்ல ஆட்டும். ஆனால் கைக்குழந்தைக்கு வாங்கிய ஸ்பிரிங் தொட்டில் எட்டு வயதுப் பிள்ளையைத் தாங்காது. உத்தரத்தைத் தச்சர் பார்த்து உறுதி சொன்ன பிறகே கட்டுங்கள். தரையிலிருந்து ஓரடி உயரம், கீழே மெத்தை, பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கட்டும்.

துழாவி விளையாட விதைத்தட்டு வைக்கும்போது, கையருகே கிடைக்கிறதே என்று ரப்பர் விதையைப் போட்டுவிடாதீர்கள். பச்சை விதையில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. குன்றிமணி அதைவிட மோசம். எதையும் வாயில் வைக்கும் பிள்ளைக்கு வேகவைத்த ஜவ்வரிசி கொடுங்கள்; அன்றன்றே கொட்டிவிடுங்கள்.

வலிப்பு உள்ள சிறுமியின் மருத்துவரிடம் முதலில் பேசுங்கள். வெட்டி வெட்டி எரியும் விளக்குகள் அறைக்குள் வரவே கூடாது. சாம்பிராணியும் வாசனை எண்ணெயும் யாருக்கும் வேண்டாம்; செம்பனை எண்ணெய் ஆலையின் வாடைக் காற்று வீசும் நாளில் மூக்குக்கு ஏற்கெனவே வேலை அதிகம்.

பொருள்களைவிட, அவை யார் கையில் இருக்கின்றன என்பது முக்கியம். கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில் 4 முதல் 12 வயதுவரை உள்ள 41 ஆட்டிசப் பிள்ளைகள் பங்கேற்றார்கள். கருவிகளைத் தாங்களே இயக்க முடிந்தபோது அவர்களின் கவனம் கூடியது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது குறைந்தது. ஆகவே சுவிட்சைப் பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் வையுங்கள். கதவைப் பூட்டாதீர்கள். அடம் பிடித்தவனைத் தண்டனையாக உள்ளே அனுப்பினால், அடுத்த முறை தேவைப்படும்போது அவன் வர மாட்டான்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் உள்ளே வரும்போது எப்படி இருந்தான், எதைத் தொட்டான், எவ்வளவு நேரம், வெளியே போகும்போது எப்படி என்று நான்கே வரி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்தும் ஒளியைத் தேடும் பிள்ளை இருந்தால் குமிழிக் குழாயைப் பற்றி யோசிக்கலாம். வாங்குமுன் விற்பவரிடம் இரண்டு கேள்விகள்: பாசி பிடிக்காமல் நீரை எப்படி மாற்றுவது? மோட்டார் பழுதானால் தோட்டம்வரை யார் வருவார்?