புது வடிவமைப்புக்குப் பிறகு கூகுள் வரத்து பாதியானால்

இணையதளத்தைப் புதுப்பித்த மூன்றே வாரத்தில் கூகுள் வழியாக வருபவர்கள் பாதியாகிவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பதறாதீர்கள், பெரும்பாலும் மீட்டுவிடலாம். பக்க முகவரிகள் மாறியிருக்கும் என்பதே என் முதல் சந்தேகம். தளம் கூகுள் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுள் கருவியான சர்ச் கன்சோலில் 404 (பக்கம் இல்லை என்ற பிழை) பட்டியலைப் பாருங்கள். பழைய முகவரிகள் அங்கே வரிசையாக நின்றால், ஒவ்வொன்றையும் அதற்கு இணையான புதுப் பக்கத்துக்கு 301 வழிமாற்றம் (பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாகப் புது முகவரிக்கு அனுப்புவது) செய்யுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிட வேண்டாம். கூகுள் அதை இல்லாத பக்கமாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். வழிமாற்றம் குறைந்தது 1 ஆண்டாவது இருக்கட்டும்.

அப்புறம், சோதனையின்போது போட்ட, ‘இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே’ என்று கூகுளுக்குச் சொல்லும் நோஇண்டெக்ஸ் குறிச்சொல் எந்தப் பக்கத்திலாவது மிச்சமிருக்கிறதா? இதை மறந்துவிடுபவர்கள் நிறையப் பேர். அழகுக்காக விளக்க எழுத்தை வெட்டியிருந்தால் திரும்பச் சேருங்கள். மொபைலிலும் அது இருக்கவேண்டும். கூகுள் படிப்பது மொபைல் வடிவத்தைத்தான்.