வாரம் ஒரு ஊசி: ஜிம்மில் கேட்டு வாங்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 48, எடை 102 கிலோ. எட்டு வருடமாக சர்க்கரை. மெட்பார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். ஜிம்மில் யாரோ சொன்னார்களாம், மவுன்ஜாரோ ஊசி வாங்கி இரண்டு மாதம் போடப் போகிறேன் என்கிறார். இதுவும் இன்சுலின்தானா? நிறுத்தினால் எடை ஏறிவிடுமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: இன்சுலின் இல்லை. சாப்பிட்டதும் நம் குடலே ஜிஎல்பி-1 என்று ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. சர்க்கரை ஏறும்போது கணையத்தை இன்சுலின் சுரக்க வைப்பதும், வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்குச் சொல்வதும் அதன் வேலை. ஆனால் இரத்தத்தில் ஓரிரு நிமிடத்தில் சிதைந்துவிடும். அதே வேலையை வாரம் முழுக்கச் செய்கிற மாதிரி உருவாக்கியதுதான் வீகோவி என்ற ஊசியில் உள்ள செமாகுளுடைட். 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த மவுன்ஜாரோவில் இருப்பது டிர்செபடைட்; அது ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

எடை குறையும், சந்தேகமில்லை. ஆனால் சர்க்கரை இல்லாதவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் குறைத்த செமாகுளுடைட், சர்க்கரை உள்ளவர்களுக்குப் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் குறைத்தது. டிர்செபடைட்டிலும் இந்த வித்தியாசம் உண்டு, அதனால் ஜிம் நண்பரின் கணக்கை உங்கள் வீட்டுக்குப் போடாதீர்கள்.

எனக்குக் கவலை அந்த கிளிமிபிரைடுதான், அதுவும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கிற மாத்திரை. அதோடு இந்த ஊசியும் சேர்ந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரைக்கும் போகலாம். மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம், அதை டாக்டர்தான் சொல்லணும். விழித்திரையையும் முதலில் பார்த்துவிடுங்கள், சர்க்கரை வேகமாக இறங்கும்போது ஏற்கெனவே உள்ள பாதிப்பு மோசமாகலாம். கணைய அழற்சி வந்திருந்தாலோ, குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தாலோ மறைக்காமல் சொல்லுங்கள்.

மவுன்ஜாரோவின் ஆரம்ப அளவு வாரம் 2.5 மில்லிகிராம், நான்கு வாரம் கழித்து 5. அவசரப்பட்டு ஏற்றினால் குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் என்று படுத்திவிடும். தாங்க முடியாத வயிற்றுவலி முதுகு வரை பரவினால் ஊசியை நிறுத்திவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், இரண்டு மாதக் கோர்ஸ் என்று இதில் ஒன்று கிடையாது. செமாகுளுடைட்டை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பி வந்துவிட்டது. மாதாமாதம் ஆயிரக்கணக்கில் ஆகிற செலவை வருடக்கணக்கில் தாங்க முடியுமா என்று இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். கொழுப்போடு தசையும் கரையும் என்பதால் முட்டை, சுண்டல், பருப்பைக் குறைக்கக்கூடாது. ஜிம்மை மட்டும் விட வேண்டாம், அங்கே கிடைக்கிற மருத்துவ ஆலோசனையை விட்டால் போதும்!