எந்த எண்ணெய் தேய்த்தால் முடி கொட்டுவது நிற்கும்?

எண்ணெய் மாற்றி மாற்றித் தேய்த்தும் முடி கொட்டுகிறது, இயற்கை வழியில் எப்படிக் குறைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் நான் ஒன்று கேட்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் உங்களுக்கு என்ன நடந்தது? கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைத்தது, ஏதாவது?

என்னிடம் இதை யாரும் கேட்கவில்லை. அதில் அரை வருடம் போனது.

என் பிறந்த வீடு குழித்துறை. கட்டிக் கொடுத்தது கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், பாறசாலையில். கல்யாணம் முடிந்து ஆனி மாதத்தில் டெங்கு வந்து படுத்தேன். ஓணம் முடிந்த கையோடு முடி கொட்டத் தொடங்கியது. தலையணையில் முடி, கஞ்சியில் முடி, குளியலறை ஓடை அடைக்கும் அளவுக்கு முடி. "வெள்ளம் மாறினா அப்படித்தான் மோளே" என்றார் மாமி. வெள்ளம் என்றால் அங்கே தண்ணீர். நானும் நம்பினேன். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக்கூடக் குளித்தேன்.

தண்ணீர் மீது குற்றமில்லை. உப்பும் சுண்ணாம்பும் கூடிய தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், நடுவில் உடைய வைக்கும், வேரோடு கழற்றாது. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் இரண்டிலிருந்து ஆறு வருடம் வளர்ந்து, மூன்று மாதம் போல ஓய்ந்து கிடந்து, பிறகு உதிர்கிறது. அதனால் ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது எல்லாருக்கும் உள்ளது. உடம்பு பெரிய அடி வாங்கும்போது ஏராளமான முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அவைதான் இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாகக் கையோடு வருகின்றன. ஆனியில் வந்த டெங்குவுக்கு ஓணத்தில் பலன்.

இந்த வகை பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கிவிடும். எனக்கு அடங்கவில்லை. கடைசியில் ரத்தம் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 9.4. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. தைராய்டு சரியாக இருந்தது. உங்களுக்கும் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்புச் சேமிப்பின் அளவு), தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள், தயவுசெய்து.

என் சாப்பாட்டைத் திரும்பிப் பார்த்தேன். காலையில் மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி), கூடவே கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்). மரச்சீனி வயிற்றை நிறைக்கும், ஆனால் அதில் புரதமும் இரும்பும் மிகக் குறைவு. சாப்பாட்டோடு குடிக்கும் சாயா, கிடைக்கிற கொஞ்ச இரும்பையும் உடம்பில் சரியாகச் சேர விடாது. சாயாவை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தேன். கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள ஒரு துண்டு மீனுக்குப் பதில் நாலு சாளை (மத்தி மீன்). வாரம் மூன்று நாள் காணத் (கொள்ளு) துவையல், முருங்கையிலைத் தோரன் (தேங்காய் போட்ட பொரியல்), ஒரு நெல்லிக்காய். மருத்துவர் தந்த இரும்பு மாத்திரையை எலுமிச்சைத் தண்ணீரோடு விழுங்கினேன். அது வயிற்றைக் கட்டும், மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

இனி எண்ணெய். மாமி காய்ச்சும் எண்ணெய் எனக்கு உயிர். தேங்காய் எண்ணெயில் கையோன்னிச் சாறு (கரிசலாங்கண்ணிதான்), கறிவேப்பிலை, செம்பருத்திப் பூ. சலசலப்பு அடங்கி, அடியில் கிடக்கும் கக்கம் (இலை, பூவின் சக்கை) விரலில் மணல் போல நெருடும்போது இறக்குவார். இன்றும் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன் தேய்க்கிறேன். தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கி, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கும். முடி உடைவது குறையும், பார்க்க அடர்த்தியாக இருக்கும். ஆனால் வேரில் இருக்கும் குறையை எந்த எண்ணெயும் தீர்க்காது. பொடுகு இருந்தால் ராத்திரி முழுக்க எண்ணெயோடு படுக்காதீர்கள், பொடுகு கூடும்.

ஷாம்புவுக்குப் பதில் வாரம் ஒரு தடவை செம்பருத்தி இலைத் தாளி (இலையை அரைத்துக் கரைத்த வழுவழுப்பான விழுது). ஈரத் தலையைச் சீவுவதில்லை. இறுக்கிக் கட்டும் கொண்டையை விட்டுவிட்டுத் தளர்வாகப் பின்னுகிறேன். வருடக்கணக்கில் இழுத்துக் கட்டினால் நெற்றியோரம் வழுக்கை விழும்.

ஒரு விஷயத்தில் மட்டும் வீட்டு வைத்தியத்தோடு நிற்காதீர்கள். காசு அளவுக்கு வட்டமாக முடி போனால் அது பெரும்பாலும் புழுவெட்டு. ஆண்களுக்கு நெற்றி இரண்டு பக்கமும் ஏறினாலோ, பெண்களுக்கு வகிடு அகன்றுகொண்டே போனாலோ அது பெரும்பாலும் பரம்பரையும் ஹார்மோனும் சேர்ந்தது. தோல் மருத்துவரிடம் சீக்கிரம் போனால் இருப்பதைக் காப்பாற்றலாம்.

பலன் தெரிய நாளாகும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். மாத்திரை தொடங்கி நாலாம் மாதம், வகிட்டின் இரண்டு பக்கமும் குட்டையாகக் குருத்து முடி நிமிர்ந்து நின்றது. மாமிதான் முதலில் பார்த்தார்.