கும்பிடு போடுவது போல ஒரு வலிப்பு: கேள்வி பதில்

குழந்தை வலிப்பைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னேன். வந்ததில் பாதிக்கு மேல் கைக்குழந்தைகளுக்கு வரும் இன்ஃபன்டைல் ஸ்பாஸம் என்ற வலிப்பைப் பற்றியே இருந்ததால், இன்றைக்கு அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: டாக்டர், பையனுக்கு அஞ்சு மாசம். தூங்கி எழுந்ததும் தூக்கிவாரிப் போடுது. உரம் விழுந்திருக்குன்னு மாமியார் புடவையில் போட்டு உருட்டினாங்க. பயப்படணுமா?

உடனே காட்டணும் அம்மா. வயிற்றுவலியாகவோ வெறும் திடுக்கிடலாகவோகூட இருக்கலாம். ஆனால் சத்தம் எதுவும் இல்லாமலே தலை சட்டென்று முன்னால் தொங்கி, இரண்டு கையும் விரிந்து, ஓரிரு நொடியில் விட்டுவிடுகிறதா? சில நொடி கழித்து மறுபடி, அதேபோல் வரிசையாகப் பத்து இருபது தடவை வருகிறதா? முகம் பார்த்துச் சிரித்தவன் இப்போது சிரிப்பதில்லையா? இந்த வலிப்பு பெரும்பாலும் 4 முதல் 7 மாதத்துக்குள்தான் தலைகாட்டும்.

போர்வையை விலக்கி, முகமும் கைகாலும் தெரிய வீடியோ எடுங்கள். எனக்கு வந்த ஒரு வீடியோவில் பின்னால் குக்கர் விசில். விசிலுக்குப் பயப்படுகிறான் என்றே வீட்டில் நினைத்திருந்தார்கள். அடுப்பை அணைத்த பிறகும் ஏழு தடவை வந்தது.

கேள்வி: எம்ஆர்ஐ நார்மல். அப்புறம் இஇஜி எதுக்கு சார்?

எம்ஆர்ஐ மூளையின் அமைப்பைக் காட்டும், இஇஜி அதன் மின்னோட்டத்தை. இந்த நோயில் பல குழந்தைகளுக்கு அந்தக் கோடுகள் சுவரில் பிள்ளை கிறுக்கியது மாதிரி ஒழுங்கில்லாமல் உயர்ந்து கிடக்கும். ஹிப்சரித்மியா என்று பெயர். தூக்கத்தில்தான் நன்றாகத் தெரியும் என்பதால், காரில் தூங்கவிடாமல் கூட்டிவந்து, அங்கே பால் கொடுத்துத் தூங்க வையுங்கள்.

கேள்வி: ரெண்டு ஃபிட்ஸ் சிரப் கொடுத்தும் நிக்கலையே?

வழக்கமான வலிப்பு மருந்துகள் இதற்குப் பெரும்பாலும் எடுபடாது. ஏசிடிஎச் என்ற ஹார்மோன் ஊசி, அதிக அளவு ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, விகாபாட்ரின் என்ற வலிப்பு மருந்து, இந்த மூன்றுதான் முதல் வரிசை. ஏசிடிஎச் விலை அதிகம், எல்லா ஊரிலும் கிடைக்காது. ப்ரெட்னிசலோன் மலிவு, நம்மூரில் நான் அதிகம் எழுதுவதும் அதுதான். டியூபரஸ் ஸ்க்லரோசிஸ் (மூளை, தோல் போன்ற இடங்களில் கட்டிகள் வளரும் மரபணு நோய்) இருந்தால் விகாபாட்ரின் முதலில் வரும். உடம்பில் வேப்பிலை அளவு வெளிறிய தேமல்கள் இருக்கிறதா என்று நாங்கள் தேடுவது அதற்காகத்தான். இரண்டு வாரத்தில் வலிப்பு முழுக்க நிற்கணும், இஇஜியும் தெளியணும். பாதி குறைந்ததை வெற்றி என்று நான் எண்ணுவதில்லை. மருந்தை மாற்றியாக வேண்டும்.

கேள்வி: ஸ்டீராய்டுன்னாலே பயமா இருக்கு டாக்டர்.

பயம் நியாயம்தான். முகம் உப்பும், பசி பிடுங்கும், ராத்திரி முழுக்கச் சிணுங்கும். பிரஷரும் சுகரும் பார்க்கணும், காய்ச்சல் வந்தால் அன்றே காட்டணும். உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகளைத் தள்ளிப்போடணும். ஆனாலும் இவை சில வாரத் தொல்லை. அடங்காத வலிப்பு வளர்ச்சியையே தின்றுவிடும். வீட்டில் நினைவில் வைக்கவேண்டியது, மருந்தை நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. விகாபாட்ரினுக்கும் விலை உண்டு: பார்வையின் ஓரங்கள் குறுகிவிடலாம், அது திரும்பாது. அதனால்தான் முடிந்தவரை சில மாதங்களோடு நிறுத்தப் பார்க்கிறோம்.

கேள்வி: நான் கட்டிக்கிட்டது என் அத்தை மகனை. அதனாலயா? 14 வாரத்துத் தடுப்பூசிக்கு அப்புறம்தான் வந்துச்சு.

தடுப்பூசி காரணமில்லை. ஊசி போடும் வயதும் வலிப்பு தொடங்கும் வயதும் அடுத்தடுத்து வருவதால் அப்படித் தோன்றுகிறது.

நம் நாட்டில் அதிகம் பார்க்கும் காரணங்கள், பிரசவ நேரத்தில் மூளைக்கு ஆக்சிஜன் குறைந்ததும், பிறந்த முதல் நாட்களில் சர்க்கரை தாழ்ந்ததும். ‘பால் இன்னும் ஊறலை’ என்று குழந்தையைப் பசியோடு விட்டால் சர்க்கரை சரியும்; மூளையின் பின்பக்கம்தான் அதிகம் அடிபடும். இவை போக மூளை உருவாகும்போதே வந்த கோளாறு, டவுன் சிண்ட்ரோம், மரபணு மாற்றங்கள். சொந்தத்தில் கல்யாணம் என்றால் சில மரபு நோய்களுக்கான வாய்ப்பு கூடும். அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை கேளுங்கள். வைட்டமின் பி6 தொடர்பான ஒரு அபூர்வக் காரணத்துக்கு அந்த வைட்டமினே மருந்து, அதனால் அதையும் கொடுத்துப் பார்ப்பதுண்டு.

கேள்வி: பேரன் நடப்பானா, பேசுவானா? உண்மையைச் சொல்லுங்க.

காரணத்தைப் பொறுத்ததுங்க ஐயா. முன்பு நன்றாக வளர்ந்து, காரணம் எதுவும் அகப்படாமல், சீக்கிரம் சிகிச்சை பெற்ற சில குழந்தைகள் மற்றவர்களைப் போலவே பள்ளிக்குப் போகிறார்கள். மூளை ஏற்கனவே அடிபட்டிருந்தால் தாமதம் இருக்கும். 1841-ல் வில்லியம் வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர் தன் சொந்த மகனுக்கு வந்த இந்த வலிப்பைப் பற்றி லான்செட் இதழுக்குக் கடிதம் எழுதினார். ரத்தம் உறிஞ்சும் அட்டைகூட விட்டுப் பார்த்திருக்கிறார், ஒன்றும் கேட்கவில்லை. அவர் பெயரில்தான் வெஸ்ட் சிண்ட்ரோம். இன்று மருந்து இருக்கிறது. வளர்ச்சிக்கான பயிற்சியை வலிப்பு நிற்கும்வரை தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் இப்போதே தொடங்கலாம்.

கேள்வி: நின்னு மூணு மாசம் ஆச்சு. அந்த வீடியோவைப் பார்த்தாலே அழுகை வருது, அழிச்சிடலாமா?

உங்கள் போனில் வேண்டாம் என்றால் கணவர் போனுக்கு மாற்றிவிடுங்கள் அம்மா. சில குழந்தைகளுக்கு மறுபடி வரும், ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.