ஒரே ஒரு புக்கு, 31 பசங்க: டோட்டோ-சானை அஞ்சாம் வகுப்புல எப்படி எடுக்கிறது?

ஒரு டீச்சர் கேட்டிருக்காங்க: "ஊராட்சி ஒன்றியப் பள்ளியில அஞ்சாம் வகுப்பு எடுக்கறேன், 31 பசங்க. டோட்டோ-சான்னு ஒரு ஜப்பான் பொண்ணோட பள்ளிக்கூட நாட்களைச் சொல்ற புக்கைப் படிச்சதுல இருந்து, இதை என் பசங்களுக்குக் குடுத்தே ஆகணும்னு இருக்கு. ஆனா ஒரே ஒரு காப்பிதான் வச்சிருக்கேன், எட்டு ஒன்பது பேருக்கு சரளமா வாசிக்க வராது, போர்ஷனும் முடிக்கணும். எங்க ஆரம்பிக்கிறது?"

டீச்சர், ஒரு காப்பி இருக்கறது குறையே இல்ல. நீங்க வாசிக்கணும், அவங்க கேக்கணும், திட்டம் அவ்ளோதான். தினமும் 15 நிமிஷம் போதும், மத்தியானம் சாப்பிட்டு வந்து பசங்க கண்ணு சொருகுற நேரம் இருக்கே, அதுதான் இதுக்கு ரொம்ப நல்ல நேரம், அந்த நேரத்துல கணக்கு நடத்தினாலும் ஒண்ணும் ஏறாது. புக்குல சுமார் 60 குட்டி குட்டி அத்தியாயம், நிறைய ரெண்டு மூணு பக்கத்துலயே முடிஞ்சிடும், வாரத்துக்கு நாலு நாள்னு வச்சுக்கிட்டா நாலு மாசத்துக்குள்ள முடிச்சிடலாம். அருஞ்சொற்பொருள், கோடிட்ட இடம், "இக்கதையின் நீதி யாது", இது எதுவுமே வேண்டாம். நான் முதல் வருஷம் அப்படித்தான் எடுத்தேன், மூணாவது வாரமே புக்கைக் கையில எடுத்தாலே பசங்க முகம் சுருங்க ஆரம்பிச்சிடுச்சு, அந்த வருஷம் பாதியிலயே நிறுத்திட்டேன்.

முதல் நாள் புக்கைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு பழைய பஸ் டிக்கெட்டை எடுத்துட்டுப் போங்க. முதல் அத்தியாயமே ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல டோட்டோ டிக்கெட்டைக் குடுக்க மனசில்லாம நிக்கறதுதான். டிக்கெட்டைக் கையில குடுத்துட்டு "கண்டக்டர் ஆகணும்னு யாருக்கு ஆசை?"ன்னு கேளுங்க, பாதி கை மேல போகும், உடனே வாசிக்க ஆரம்பிச்சிடுங்க. ஜப்பான், டோக்கியோ, இரண்டாம் உலகப் போர்னு மேப்பை விரிச்சு வச்சு பத்து நிமிஷம் முன்னுரை வேண்டாம், அது பின்னால தானா வரும். பேரு மட்டும் ஒரு சார்ட்ல எழுதி மாட்டுங்க: டோட்டோ-சான், அவ ஃப்ரெண்ட் யசுவாகி-சான், அவங்க ஸ்கூல் ஹெட்மாஸ்டர் கோபயாஷி. "சான்"ங்கறது ஜப்பான்ல குழந்தைங்க பேரோட சேத்து செல்லமா சொல்றது, நாம "குட்டி"ங்கற மாதிரி, அதைச் சொல்லிட்டா போதும். அன்னைக்கே என் வகுப்புல எல்லாரும் சான் ஆயிட்டாங்க, முருகேஷ்-சான், தேவி-சான்னு வருஷம் முழுக்க அதான் ஓடுச்சு. இன்னொண்ணும் சொல்லுங்க, இதெல்லாம் நெசமா நடந்தது, டோட்டோதான் பெரியவளாகி டெட்சுகோ குரோயானாகியா 1981ல இந்த புக்கை எழுதினாங்கன்னு. "நெசமா டீச்சர்?"னு ஒரு குரல் வரும் பாருங்க, அதுக்கப்புறம் அவங்க கேக்கற விதமே வேற.

வாசிக்க வராத பசங்களைப் பத்தி ரொம்பக் கவலைப்படறீங்க. அவங்களுக்குத்தான் இது அதிகம் உதவும். வெள்ளிக்கிழமை அந்த வாரம் கேட்டதுல அவங்களுக்குப் பிடிச்ச நாலு வரியைச் சொல்லச் சொல்லி, அதை நீங்க சார்ட்ல பெருசா எழுதி மாட்டுங்க. காதுல ஏற்கனவே இருக்கற வரியை கண்ணு தேடிப் பிடிக்கறது, புது பாடத்தை எழுத்துக்கூட்டறதை விட பல மடங்கு சுலபம். என்கிட்ட ஒரு பையன் பாடப்புத்தகத்தைத் திறக்கவே மாட்டான், ஹெட்மாஸ்டர் டோட்டோகிட்ட நீ நெசமாவே நல்ல பொண்ணுன்னு திரும்பத் திரும்பச் சொல்ற வரியை மட்டும் சார்ட்ல விரலை வச்சு வச்சு வாசிப்பான், யாரும் பாக்காத நேரமா பாத்து.

இப்ப கவனமா இருக்க வேண்டிய இடங்களுக்கு வரேன். சாப்பாடு வர்ற இடம். ஹெட்மாஸ்டர் "கடல்ல இருந்து கொஞ்சம், மலையில இருந்து கொஞ்சம்" எல்லார் டிபன்லயும் இருக்கான்னு பாப்பாரு. இதை ஆக்டிவிட்டியா பண்றேன்னு டிபன் பாக்ஸைத் திறக்கச் சொல்லிடாதீங்க. அங்க எது குறைஞ்சாலும் எடுத்து வைக்க அவரோட மனைவி ரெண்டு பாத்திரத்தோட பின்னாடியே வருவாங்க, நம்மகிட்ட அந்தப் பாத்திரம் இல்ல, அதனால யார் டப்பாவுல என்ன இல்லைன்னு பாக்கற உரிமையும் நமக்கு இல்ல. அதுக்குப் பதிலா எல்லாரும் ஒண்ணா சாப்பிடற சத்துணவை வச்சு விளையாடுங்க. சாம்பார்ல கடல்ல இருந்து வந்தது எதுன்னு கேட்டேன், ரொம்ப நேரம் சத்தமே இல்ல, அப்புறம் பின் வரிசையில இருந்து ஒரு பொண்ணு "உப்பு!"ன்னு கத்தினா. அவ மாமா தூத்துக்குடி உப்பளத்துல வேலை பாக்கறாராம், அன்னைக்கு மீதி நேரம் பூரா அவதான் எங்களுக்குப் பாடம் எடுத்தா.

அடுத்தது கக்கூஸ் குழி அத்தியாயம். டோட்டோ பர்ஸை உள்ள போட்டுடுவா, நீளக் கைப்பிடி அகப்பையை எடுத்துட்டு வந்து எல்லாத்தையும் அள்ளி வெளிய குவிப்பா, அந்தப் பக்கம் வந்த ஹெட்மாஸ்டர் திட்டவே மாட்டாரு, முடிச்சதும் எல்லாத்தையும் திரும்ப உள்ள போட்டுடுவ இல்லன்னு மட்டும் கேட்டுட்டுப் போயிடுவாரு. புக்குலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. ஆனா நம்ம வகுப்புல இதை வாசிக்கறது வேற விஷயம். நான் வாசிச்சப்ப "சீ..."ன்னு சிரிப்பு கிளம்புச்சு, அதோட ரெண்டு பேர் திரும்பி ஒரு பையனைப் பாத்தாங்க, அவங்க அப்பா தூய்மைப் பணியாளர். அவன் குனிஞ்சு செருப்பு வாரை இழுத்து இழுத்து விட்டுட்டே இருந்தான். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணுல நிக்குது. அதனால இந்த அத்தியாயத்தை விடச் சொல்லல, தயாராகி வாசிங்கன்னு சொல்றேன். அந்தக் காலத்துல டோக்கியோவுலயும் குழிக் கக்கூஸ்தான் இருந்துச்சுன்னு சாதாரணமா முன்னாடியே சொல்லிடுங்க, நடுவுல நிறுத்தாம ஹெட்மாஸ்டர் பேசற வரைக்கும் வாசிங்க. யாராவது திரும்பிப் பாத்தா புக்கை மூடிட்டு சொல்லுங்க: பர்ஸ் டோட்டோவோடது, அள்ளினதும் அவ, திரும்ப மூடினதும் அவளே, நம்ம அழுக்கு நம்ம பொறுப்பு. மனுஷங்களைக் கையால மலம் அள்ள வைக்கிறது 2013 சட்டப்படி குற்றம்ங்கறதையும் பசங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும், ஆனா அதை வேற ஒரு நாள் தனியா பேசுங்க, அந்தப் பையன் மேல எல்லார் கண்ணும் இருக்கற நேரத்துல வேண்டாம்.

நீச்சல் குளத்துல பசங்க டிரெஸ் இல்லாம குளிக்கற அத்தியாயம் ஒண்ணு வரும், எந்த உடம்பும் அழகுதான்னு பசங்களுக்குப் புரியணும்ங்கறது ஹெட்மாஸ்டரோட எண்ணம், நல்ல எண்ணம்தான், ஆனா முதல் தடவை எடுக்கறப்ப நான் அதை வாசிக்கறதில்ல, நீங்களும் விட்டுடலாம்.

போலியோவால பாதிக்கப்பட்ட யசுவாகி-சானை டோட்டோ தன் மரத்துல ஏத்தற அத்தியாயத்தை மெதுவா வாசிங்க. மேல உக்காந்துட்டு டெலிவிஷன்னு ஒரு பெட்டி இருக்காம்னு அவன் அவளுக்குச் சொல்வான், அதைக் கேட்ட பொண்ணு பின்னால ஜப்பான் டிவியிலயே பெரிய ஸ்டார் ஆனாங்கன்னு அப்ப சொல்லுங்க. மெதுவா வாசிக்கச் சொல்றது ஏன்னா, அந்தப் பையன் கடைசிப் பகுதியில இறந்துடுவான். அந்த அத்தியாயத்தை வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்ல மட்டும் வாசிச்சிடாதீங்க, பசங்க அந்த பாரத்தோட ரெண்டு நாள் வீட்ல இருக்கக்கூடாது. செவ்வாய், புதன் காலையில வாசிங்க, முடிச்சதும் கேள்வி கேக்காம சும்மா இருங்க. யாராவது அழுதா அழட்டும். தாத்தா இறந்தது, வளத்த ஆட்டுக்குட்டி செத்ததுன்னு அவங்களே ஆரம்பிப்பாங்க, நீங்க கேட்டுட்டு இருந்தா போதும். சமீபத்துல யார் வீட்லயாவது இழப்பு நடந்திருந்தா மட்டும் அந்தக் குழந்தைகிட்ட முதல் நாளே தனியா ஒரு வார்த்தை சொல்லி வைங்க.

போர்ஷனை விட்டுட்டு இது எதுக்குன்னு உங்க ஸ்கூல் எச்.எம். கேட்டா சார்ட்டைக் காட்டுங்க, கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் நாலும் அதுலயே இருக்கு.

எல்லாம் முடிஞ்சதும் புக்கைப் பீரோவுல வச்சுப் பூட்டிடாதீங்க. ஜன்னல் திண்டுல வைங்க, யார் எடுத்துட்டுப் போறாங்களோ அவங்களே ஒரு நோட்டுல பேர் எழுதட்டும். அட்டை கிழியத்தான் செய்யும், ஒரு பசை டப்பா வாங்கிப் பக்கத்துலயே வச்சிடுங்க.