டிரம்ஸ்காரரின் வலது கால்

அன்புள்ள அண்ணனுக்கு,

வயது 34, சிங்கப்பூரில் பொங்கோலில் இருக்கிறேன். இந்த ஆண்டு தேசிய சேவையாளருக்கான ஐபிபிடி உடற்தகுதித் தேர்வில் 76 புள்ளி எடுத்து சில்வர் வாங்கிவிட்டேன். வாரம் மூன்று தமிழ்ப் படம் பார்க்கிறேன், நேரம் போதாததால் ஒன்றரை வேகத்தில். நண்பர்கள் ஐவர் சேர்ந்து ஓர் இசைக்குழு வைத்திருக்கிறோம். நான் பேஸ் கிட்டார். எல்லாருக்கும் வேலை, பிள்ளைகள். அதனால் அவரவர் பகுதியை வீட்டிலேயே பதிவு செய்து அனுப்புகிறோம். கீபோர்டு வாசிப்பவர் ஒன்றாகச் சேர்த்து இணையத்தில் போடுகிறார். எட்டு மாதத்தில் ஆறு பாட்டு வந்துவிட்டது. ஆனாலும் உற்சாகமே இல்லை. குழுவிலிருந்து விலகி அந்த நேரத்தையும் உடற்பயிற்சிக்குக் கொடுத்தால் என்ன?

க.

அன்புள்ள க.,

பத்தாண்டுகளாக உறைக்குள் கிடந்த என் பேஸ் கிட்டாருக்குப் போன வாரம்தான் புதுத் தந்தி மாட்டினேன். விரல் நுனி இன்னும் எரிகிறது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

சில்வருக்கு வாழ்த்துகள். ஓடுங்கள், முழங்காலைக் கவனித்துக்கொள்ளுங்கள். அதில் நான் சொல்ல வேறொன்றும் இல்லை.

படத்தை ஒன்றரை வேகத்தில் பார்ப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நீங்கள் பேஸ் வாசிப்பவர், தம்பி! வேகத்தைக் கூட்டினாலும் சுருதி மாறாமல் செயலி பார்த்துக்கொள்ளும். தாளத்தை அது காப்பாற்றாது. நிமிடத்துக்கு 96 அடி என்று அமைத்த பின்னணி இசை 144ஆக ஓடும். இரண்டு வசனங்களுக்கு நடுவே நடிகர் விடும் மூச்சும் சுருங்கிவிடும். வாரம் மூன்று படம் இப்படிக் கேட்டால் காது என்ன ஆகும்? ஒரே ஒரு படம் பாருங்கள், அதன் நடையிலேயே பாருங்கள்.

சரி, குழுவுக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளில் நாங்களும் ஐந்து பேர். வீவக அடுக்குமாடி வீட்டில் டிரம்ஸ் அடித்தால் அக்கம்பக்கத்தார் விடுவார்களா? ஞாயிறு மாலை ஜாமிங் ஸ்டுடியோவை இரண்டு மணி நேரம் வாடகைக்கு எடுப்போம், ஆளுக்கு ஐந்து வெள்ளி. ஜன்னல் இல்லாத சின்ன அறை, சுவரெல்லாம் கம்பளம். முதல் அரை மணி நேரம் தந்தி மீட்டிச் சரிசெய்வதிலும் சண்டையிலும் போய்விடும். ஒருநாள் டிரம்ஸ் வாசித்த நண்பன் என்னிடம், "உன் விரலைப் பார்க்காதே, என் வலது காலைப் பார்" என்றான். பெரிய டிரம்மின் மிதிகட்டையை அந்தக் கால்தான் மிதிக்கும். ஒரு வருஷம் அந்தக் காலையே பார்த்தேன். அது மிதிக்கப்போவது முட்டி அசையும்போதே தெரிந்துவிடும். அவன் அடியும் என் தந்தியும் ஒரே ஒலியாக விழுந்தால், பாடுகிறவனின் தோள் தானாகத் தளரும்.

1997இல் ஒரு சமூக மன்றத்தில் தீபாவளி நிகழ்ச்சி. இரண்டாம் சரணத்தின் தொடக்கம் பாடகனுக்கு மறந்துவிட்டது. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கீபோர்டு அதே நான்கு சுற்றைத் திரும்ப எடுத்தது, டிரம்ஸ் சத்தத்தைக் குறைத்தது, நான் அந்தக் காலோடு ஒட்டிக்கொண்டேன். எட்டுச் சுற்று. பாடகன் கண்ணை மூடி நின்றான், வரி வந்ததும் எடுத்தான். அது இசையமைப்பின் ஒரு பகுதி என்றே கூட்டம் நினைத்தது. மேடையை விட்டு இறங்கி அவன் அழுதான். எங்களுக்கும் அழுகைதான்.

உங்கள் ஆறு பாட்டில் யாராவது யாருக்காகவாவது காத்திருந்ததுண்டா? பதிவு செய்யும்போது காதில் கிளிக், அதாவது தாளம் தட்டும் இயந்திர ஒலி, ஓடுகிறது, ஐந்து பேரும் தனித்தனியே அதற்குக் கீழ்ப்படிகிறீர்கள். அதற்குக் காது கிடையாது. நீங்கள் தயங்கினாலும் தாவினாலும் அது ஒரே மாதிரி தட்டிக்கொண்டிருக்கும். மனிதர்கள் சேர்ந்து வாசிக்கும்போது சரணத்தின் கடைசி வரியில் கொஞ்சம் இழுப்பார்கள், பல்லவிக்கு வரும்போது கொஞ்சம் முந்துவார்கள், அதை எல்லாரும் சேர்ந்தே செய்வார்கள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் அடி உங்களை அடைய நொடியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. நீங்கள் மூன்று நாள் கழித்து வாட்ஸ்அப்பில் கேட்கிறீர்கள். உற்சாகம் எங்கிருந்து வரும்?

நேரமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஓட நேரம் இருக்கிறது, மூன்று படத்துக்கு நேரம் இருக்கிறது. ஐந்து பேருக்கும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கிடைக்காதா? பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஓர் ஓரமாக உட்கார்ந்து கேட்கட்டும்.

விலகலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதை அப்புறம் பேசலாம். முதலில் ஒரு ஸ்டுடியோ அறையை முன்பதிவு செய்யுங்கள். அந்த ஆறில் ஒரு பாட்டை எடுங்கள், கிளிக்கை அணைத்துவிடுங்கள். டிரம்ஸ்காரரின் வலது கால் தெரிகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். வாசித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.